பின்கதவோரம் மூன்று ஜோடி ஷூ

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் வெளியே போகிற வழியைப் பார்த்துவைப்பது அவளுக்குச் சின்ன வயதுப் பழக்கம். பிற்பாடு அதுவே பிழைப்பாகவும் ஆயிற்று. தீயணைப்புக் கருவிகளைச் சோதித்துச் சீட்டுக் கட்டும் கம்பெனியில் பதினோரு வருட வேலை. அலுவலகம், கிடங்கு, பல் மருத்துவமனை, துணிக்கடை என்று தினமும் ஏழெட்டு இடம். சுவரில் தொங்கும் சிவப்பு உருளையை இறக்கி, அழுத்தம் காட்டும் ஊசி பச்சைக்குள் நிற்கிறதா என்று பார்ப்பாள். எடை போடுவாள். உள்ளே இருக்கும் பொடி கட்டிதட்டிப் போகாமலிருக்க, தலைகீழாகக் கவிழ்த்து ரப்பர் சுத்தியலால் அடியில் நாலு தட்டுத் தட்டுவாள். கடைசியில் கழுத்தில் ஒரு சீட்டைக் கட்டி, தேதியில் ஓட்டை போட்டுக் கையெழுத்திடுவாள். அந்தக் கையெழுத்துக்கு ஆயுசு ஒரே வருடம்.

அவசர வழிக் கதவுக்கு முன்னால் யாராவது அட்டைப்பெட்டி அடுக்கிவைத்திருந்தால் தொலைந்தார்கள். பெட்டி நகரும்வரை அந்த மேலாளரின் பக்கத்திலேயே நிற்பாள். இதனால் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் 'எக்ஸிட் அக்கா'. கல்யாணத்துக்குப் பிறகு, பஸ் ஓட்டுகிற அவள் கணவனும் அதையே பிடித்துக்கொண்டு 'எக்ஸிட்டம்மா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

தம்பியின் போன் வந்தபோது அவள் கம்பெனி வேனில், வண்டி ஓட்டும் தோழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் முதல் வாரம்.

"அக்கா, திட்டாம கேளு."

"திட்டற மாதிரி என்ன பண்ணி வச்சிருக்கே?"

"அப்பாவுக்கு டிக்கெட் போட்டாச்சு. உன்கிட்ட வர்றார், இருபதாம் தேதி. ஒரே மாசம்தான். இங்க இவளுக்குப் பிரசவ நேரம், மாமியார் வந்து இறங்கியாச்சு, வீட்ல கால் வைக்க இடமில்ல."

"கிறிஸ்துமஸுக்கா?"

"ஆமா. அவர் இப்ப அந்த ஆள் இல்லக்கா. குடியைத் தொட்டு ஆறு வருஷமாச்சு. டீயில சக்கரை போடறதுன்னாகூட என்னைக் கேட்டுட்டுத்தான் போட்டுக்கறார்."

"நீ அப்ப சின்னப் பையன். உனக்கு ஞாபகமிருக்காது."

"ரேடியோ ஞாபகமிருக்கு," என்றான்.

போனை வைத்தபின் தோழி ஓரக்கண்ணால் பார்த்தாள். "என்னடி, முகம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுச்சு?"

"எங்கப்பா வர்றார்."

"அட, ஊரெல்லாம் மாமியார் வர்றதுக்கு நடுங்குது. நீ பெத்த அப்பனுக்கு நடுங்கறியே!"

"கொஞ்சம் கோவக்காரர்," என்றாள். இத்தனை வருடமும் அப்பாவைப் பற்றி அவள் வெளியே சொன்னது இந்த இரண்டு வார்த்தைதான்.

அப்பா மற்ற நாட்களிலும் குடித்தார். ஆனால் கிறிஸ்துமஸ் அன்று குடிப்பதற்கு அவருக்குக் காரணமும் இருந்தது, துணையும் இருந்தது. காலையில் கோயிலிலிருந்து நேராக நண்பர்களோடு போவார். ஒரு மணிக்கு விருந்துக்குத் திரும்புவார். தொண்டையை இரண்டு முறை செருமுவார். இரண்டாவது செருமலுக்குப் பிறகு ஏதாவது ஒன்று பறக்கும்: தட்டு, தம்ளர், ஒரு வருடம் மேசையே. அவளுக்கு ஒன்பது வயதானபோது கிறிஸ்துமஸ் மரத்தை ஒரு கையால் தள்ளிவிட்டார். அம்மா கல்யாணத்துக்கு முன்பிருந்து சேர்த்துவைத்த கண்ணாடி உருண்டைகள் அத்தனையும் தரையெங்கும் சில்லுசில்லாகச் சிதறின. சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று அம்மா ரேடியோவைக் கூட்டுவார். கிறிஸ்துமஸ் பாட்டு உச்சத்தில் அலறும். அந்த அலறலுக்குள் மூவரும் பின்வாசலுக்கு ஓடுவார்கள். அங்கே முந்தைய நாளே அம்மா மூன்று ஜோடி ஷூவை, முனை வெளியே பார்த்தபடி, வரிசையாக வைத்திருப்பார். காலை நுழைத்தவுடன் ஓடவேண்டியதுதான் பாக்கி.

அம்மா போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது.

தனக்கென்று வீடு அமைந்தபோது கிறிஸ்துமஸே வேண்டாம் என்றுதான் அவள் நினைத்தாள். கணவன் விடவில்லை. "சின்னதா ஒரு மரமாவது வைப்போமே," என்றான். வைத்தாள். வைத்துவிட்டு, ஒரு நைலான் கயிற்றால் அதை ஜன்னல் கம்பியோடு இறுக்கிக் கட்டினாள். அப்படித்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. மரத்தில் துணி பொம்மை, காகிதப் பூ, மரக்கரண்டி எல்லாம் தொங்கும், கண்ணாடி மட்டும் கிடையாது. தம்ளர்கள் பிளாஸ்டிக். ரேடியோ, டிவி, எதுவும் வாய் திறக்காது. பாட்டு வேண்டுமென்றால் தாங்களே பாடிக்கொள்வார்கள். விருந்து காலை ஏழு மணிக்கு. சுட்ட கோழியும் கேக்கும் சூரியன் சரியாக எழுவதற்குள் மேசையில் இருக்கும். "ஏழு மணிக்குக் கோழி தின்ற ஒரே குடும்பம் உலகத்துல நாமதான்," என்று கணவன் கிண்டல் செய்வான். பண்டிகை நாளிலும் எட்டரைக்கு அவனுக்குப் பஸ் எடுக்கவேண்டியிருந்ததால், அவன் வேலைக்காகத்தான் அந்த நேரம் என்று ஒரு பேச்சு வீட்டில் நிலைத்துவிட்டது. அவளும் திருத்தவில்லை.

முந்தைய மாலை, சமையலறையின் பின்கதவோரம் மூன்று ஜோடி ஷூ, முனை வெளியே பார்த்தபடி. கதவைத் திறந்தால் இரும்புப் படிக்கட்டு நேராகத் தரைக்கு இறங்கும். அந்தப் படிக்கட்டுக்காகத்தான் அவள் இரண்டாம் மாடியிலிருந்த இந்த வீட்டையே எடுத்தாள்.

இவற்றையெல்லாம் எட்டு வயது மகள் 'சட்டம்' என்பாள். நிறுத்தாமல் பேசும் அவளுக்கு வீட்டில் வாயாடி என்று பெயர். கயிற்றுச் சட்டம், பாட்டுச் சட்டம், ஷூ சட்டம். ஷூ சட்டத்தில் அவளாகவே ஒரு திருத்தமும் கொண்டுவந்திருந்தாள்: ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஒரு டாஃபி. உலகத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று ரொம்ப நாள் நம்பியிருந்தாள். இல்லையென்று தெரிந்தபோது, "பாவம் அவங்க," என்றாள்.

இப்போது அப்பா வருகிறார். அவர் இந்தக் கயிற்றைப் பார்ப்பார், ஷூவைப் பார்ப்பார். இந்த வீட்டில் அழகென்று வைத்திருப்பதெல்லாம் தன்மேல் எழுதிய புகார் என்று புரிந்துகொள்வார். புரிந்துகொண்டு இரண்டு முறை செருமுவார். அதுவரை பயம் என்றால் என்னவென்று அறியாத வாயாடி அதைத் தன் கண்ணால் பார்ப்பாள். எக்ஸிட் அக்காவுக்குத் தூக்கம் போனது இதனால்தான். எட்டு வருடம் கட்டிக்காத்தது ஒரு நிமிடத்தில் உடைந்துபோகும்.

எனவே எல்லாவற்றையும் ஒளித்தாள். கயிற்றை அவிழ்த்து இழுப்பறைக்குள் போட்டாள். ஆறு கண்ணாடித் தம்ளர் வாங்கி வந்தாள். பரணிலிருந்து ரேடியோவை இறக்கித் துடைத்தாள். "இந்த வருஷம் சாப்பாடு மதியம் ஒரு மணிக்கு. ஷூ எல்லாம் அலமாரியிலயே இருக்கட்டும்," என்றாள்.

வாயாடி இடுப்பில் கைவைத்து நின்றாள். "ஏன்?"

"எல்லார் வீட்லயும் அப்படித்தான்."

"நம்ம வீடு எல்லார் வீடா? அப்பா, அம்மா சட்டத்தை மீறுறா, நீங்க சும்மா இருக்கீங்க!"

"எக்ஸிட்டம்மா சொன்னா அதுக்கு அப்பீலே கிடையாது கண்ணு," என்றான் கணவன். ஆனால் அவன் பார்வை அவள் கையில் இருந்தது. துடைத்த புதுத் தம்ளரையே அவள் மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

இருபதாம் தேதி அப்பா வந்து இறங்கினார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து நுழையும்போல் இருந்தது. கை உதறல் வேறு. மாத்திரை டப்பாவைத் திறக்க வாயாடிதான் வேண்டும். தின்ற தட்டைத் தானே கழுவினார். உட்காரும் முன், "இங்க உக்காரலாமாம்மா?" என்று கேட்டார். ஆனால் குதிகாலை அழுத்தி நடக்கும் அந்த நடை மட்டும் மாறவில்லை. கூடத்தில் அது கேட்கும்போதெல்லாம், சமையலறையில் இருக்கும் அவள் தோள்கள் காதுவரை ஏறின. வயதான தொண்டை, நாளெல்லாம் செருமியது. ஒரு செருமல் வரும். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பாள்.

"நல்லாத்தானே இருக்கார்?" என்றான் கணவன்.

"ஊசி பச்சையிலதான் நிக்குது. உள்ள பொடி எப்படியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

இருபத்துநாலாம் தேதி மத்தியானமே வேலை முடிந்துவிட்டது. மூன்றரை மணிக்கு அவள் சாவி போட்டு முன்கதவைத் திறந்தாள். உள்நடையிலிருந்து பார்த்தால் கூடத்தின் மூலை தெரியும். அங்கே மரம் இருந்தது. மரத்தருகே அப்பா. ஒரு கை உயர்ந்து மரத்தைப் பிடித்திருந்தது.

ஒன்பது வயதில் பார்த்த அதே கை. கம்பெனிப் பையிலிருந்த ரப்பர் சுத்தியலை எப்போது பிடித்தாள் என்று தெரியாது.

"இன்னும் இறுக்கு தாத்தா," என்றது வாயாடியின் குரல். "ரெண்டு சுத்து சுத்தணும். அம்மா அப்படித்தான் கட்டுவா."

அப்பாவின் கையில் நைலான் கயிறு. இழுப்பறை திறந்து கிடந்தது. உதறும் விரல்களால் அவர் முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார்.

"எதுக்குக் குட்டிம்மா மரத்தைக் கட்டறீங்க?"

"விழாம இருக்க."

"தானா எப்படி விழும்?"

"தானா விழாது. யாராவது தள்ளினா?"

"யாரு தள்ளுவா?"

"யாருமில்ல தாத்தா, சும்மா சட்டம். கேள்வி கேக்காம கட்டு. அப்புறம் பாரு, இந்த ரேடியோ கூடாது. கிறிஸ்துமஸுக்கு ரேடியோ போட்டா அம்மா ஓடி வந்து அணைச்சிடுவா. நாமளே பாடணும். உனக்குப் பாட வருமா? கண்ணாடியும் கூடாது. விருந்து காலைல ஏழு மணிக்கு. அப்பா பஸ்ஸுக்காகன்னு சொல்வாங்க, ஆனா அப்பத்தான் எல்லாரும் நல்ல மூடுல இருப்பாங்கன்னு அம்மா ஒரு தடவை சொன்னா."

அவர் கைகள் கயிற்றிலேயே நின்றுவிட்டன. நடையில் நின்றவளுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது. ஒரு முறை செருமினார். அவள் சுத்தியலை இறுக்கினாள். இரண்டாவது செருமல் வரவேயில்லை.

"வேற என்ன சட்டம்?" என்று கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"ஷூ! எல்லாரோட ஷூவும் பின்கதவுகிட்ட. மூக்கு வெளிய பாக்கணும். உன்னோடதையும் எடுத்துட்டு வரட்டுமா?"

அவர் முடிச்சை இறுக்கினார். பிறகு, "உங்க மூணு பேரோடது மட்டும் வை. என்னோடது முன்வாசல்லயே இருக்கட்டும்," என்றார்.

"அப்படிப் பண்ணா பலிக்காது தாத்தா!"

"அப்படிப் பண்ணாத்தான் பலிக்கும்."

திரும்பியபோது அவளைப் பார்த்துவிட்டார். கையில் சுத்தியல் இருப்பதையும் பார்த்தார். "வந்துட்டியாம்மா," என்றார். அவள் "ம்" என்றாள். அவர் சுவரோரமாக ஒதுங்கி, அவள்மேல் படாமல், தன் அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். எல்லாம் தெரிந்துவிட்டது அவருக்கு. நாளைக்கு என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

காலை ஏழு. கோழி, ரொட்டி, கேக். மகள் பிடித்த பிடியில் எல்லாச் சட்டமும் திரும்பியிருந்தது. ஒன்றே ஒன்றில்தான் இடித்தது. வீட்டில் பிளாஸ்டிக் தம்ளர் மூன்றே மூன்றுதான் இருந்தது. மூன்று பேருக்கு மேல் ஒரு கிறிஸ்துமஸை அவள் யோசித்ததே இல்லை. நாலாவதாக அப்பாவுக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தம்ளர் இருந்தது. வைத்த நிமிடத்திலிருந்து அவள் கண் அதைவிட்டு அகலவில்லை.

"பாட்டுச் சட்டம்," என்றாள் வாயாடி. "தாத்தாதான் ஆரம்பிக்கணும்."

அப்பா தொண்டையைச் செருமினார். பாடுவதற்காக, இன்னொரு முறையும் செருமினார். அதோடு தம்ளரை எடுக்கக் கையை நீட்டினார்.

தரையில் கண்ணாடி வெடித்துச் சிதறியது.

அடுத்து நடந்தது அவள் செய்ததல்ல. அவள் கால்கள் செய்தது. நாற்காலி கவிழ்ந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்தாயிற்று. சமையலறை, பின்கதவு, ஷூ. ஒரு கால் உள்ளே போய்விட்டது. டாஃபி விரலில் குத்தியது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள்.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவேயில்லை. இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து, உள்ளங்கை தெரிய வைத்திருந்தார். அவை உதறிக்கொண்டிருந்தன. எழப்போன கணவனிடம், "உக்காருங்க மாப்பிள்ளை. அவ போகட்டும்," என்றார். பிறகு அவளைப் பார்த்தார். "கை நடுங்கிடுச்சும்மா. நான் எந்திரிக்கலை. நீ வெளிய போய்ட்டு வா. நீ வர்ற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்."

அவள் போனாள். நிற்க முடிந்தால் நின்றிருப்பாள். இரும்புப் படிகள் டண்டண்ணென்று அதிர இருவரும் கீழே இறங்கினார்கள். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சைக்கிள் நிறுத்தத்தைத் தாண்டி, கட்டடத்தின் பக்கச்சுவரை ஒட்டி நடந்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை.

"அம்மா, அழறியா?"

"இல்ல. மூச்சு வாங்குது."

"தாத்தாவுக்கா பயந்தே?"

பொய் சொல்ல வாய் திறந்தாள். வரவில்லை. "ஆமா."

"தாத்தாவுக்கா! அவருக்கு மாத்திரை டப்பாகூடத் திறக்க வராது."

"இப்ப இருக்கற தாத்தாவுக்கு இல்ல. நான் உன்னளவு இருந்தப்ப இருந்தவருக்கு."

"அவர் என்ன பண்ணுவார்?"

"மரத்தைத் தள்ளுவார்."

வாயாடி நடப்பதை நிறுத்தினாள். "அதுக்கா கயிறு?" என்றாள். அம்மா தலையசைத்தாள். "ரேடியோவும் அதுக்குத்தானா? ஷூவுமா?" ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தாள். ஒவ்வொரு அசைவிலும் ஏதோ ஒன்று சரிந்து விழப்போகிறது என்று காத்திருந்தாள்.

"டாஃபி நான் போட்டது," என்றாள் மகள் கடைசியில், கொஞ்சம் பயந்தாற்போல.

"ஆமா. டாஃபி உன்னோடதுதான். அதுல வேற யாரும் கிடையாது."

மகள் தன் ஷூவுக்குள்ளிருந்து ஒரு டாஃபியை எடுத்துப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை அம்மாவிடம் நீட்டினாள். நடந்து வந்த சூட்டில் அது இளகியிருந்தது. இரண்டு பேரும் மென்றுகொண்டே மிச்சச் சுற்றை முடித்தார்கள். "அடுத்த வருஷமும் சாப்பாட்டுக்கு நடுவுல ஒரு சுத்து சுத்தலாமா?" என்றாள் வாயாடி. "ஆனா ஓடவேண்டாம். நடக்கலாம்."

பின்கதவு உள்ளிருந்துதான் திறக்கும். அதனால் முன்பக்கமாக ஏறினார்கள். முன்வாசலில் அப்பாவின் ஷூ தனியாக இருந்தது. அதன் மூக்கும் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது, உடனே கிளம்பத் தயாராக இருப்பதுபோல. இடது காலுக்குள் ஒரு டாஃபி.

"நேத்து நான்தான் வச்சேன்," என்றாள் மகள். "இதைப் பின்னாடி கொண்டுபோய் வைக்கட்டுமா?"

அவள் அந்த ஷூவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே ஒரு செருமல் கேட்டது. தோள்கள் தாமாகவே ஏறின. அடுத்தது கேட்காதா என்று காத்திருந்தாள். அது இருமலாக முடிந்தது.

"இந்த வருஷம் இங்கயே இருக்கட்டும்."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் மறுபடி பாப்போம்," என்றாள். ஒரு வருடத்துக்கு மேல் எதற்கும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை.

கணவன் தாழ் நீக்கிவைத்திருந்த கதவைத் திறந்தாள். சொன்னபடியே அப்பா அதே நாற்காலியில், கைகளை அப்படியே மேசைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். கணவன் கண்ணாடியைக் கூட்டிச் செய்தித்தாளில் மடித்துக்கொண்டிருந்தான். அவள் கவிழ்ந்து கிடந்த நாற்காலியை நிமிர்த்தினாள். அதைக் கதவுப் பக்கமாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, அதில் உட்கார்ந்தாள். ஷூவைக் கழற்றவில்லை. தன் பிளாஸ்டிக் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேசையின் குறுக்கே, கை எட்டுமட்டும் நகர்த்தி வைத்தாள்.

"இதுல குடிங்க," என்றாள்.